எஸ்ஐ4735 மதிப்பீட்டுப் பலகை: மின்சுற்றை நம்பலாம், கணினி நிரலை நம்ப வேண்டாம்

ஒரு வானொலி ஏற்பிச் சில்லைத் தம் கருவியில் பொருத்தலாமா என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் முதலில் நாடுவது அதன் மதிப்பீட்டுப் பலகையை, அதாவது சில்லை இயக்கிச் சோதிக்கவென்றே செய்த மின்சுற்றுப் பலகையைத்தான். அதை மேசைமேல் வைத்து அளக்கத் தொடங்கியதும் எழ வேண்டிய முதல் கேள்வி ஒன்று உண்டு. கிடைக்கும் எண் சில்லினுடையதா, அல்லது சில்லைச் சுற்றிப் பலகையை வடிவமைத்தவர் வைத்த மின்வழங்கி, நுண்கட்டுப்படுத்தி (சில்லுக்குக் கட்டளையிடும் சிறு கணினிச் சில்லு), கம்பி நீளம் ஆகியவற்றினுடையதா? இரண்டையும் பிரித்துப் பார்க்க இடம் தரும் பலகைதான் மதிப்பீட்டுக்கு உதவும். மற்றவை கண்காட்சியில் வைக்கத் தகுந்தவை. எஸ்ஐ4735 சில்லின் டி60 பதிப்பைத் தாங்கி வரும் பலகை ஒன்றை இந்தக் கேள்வியோடு சோதித்தேன். இது சில்லைத் தயாரித்த நிறுவனத்தின் பலகை அன்று. வேறொரு சிறு நிறுவனத்தின் வெளியீடு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மின்சுற்று நேர்மையாக வடிவமைக்கப்பட்டிருக்கிறது, வாங்கலாம், உடன் வரும் கணினி நிரலை அளவீட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது.

சில்லைப் பற்றிச் சுருக்கமாக. சிலிக்கான் லேப்ஸ் உருவாக்கிய இந்த வரிசை, அந்நிறுவனம் 2021இல் தன் உள்கட்டமைப்பு மற்றும் வாகனப் பிரிவை ஸ்கைவொர்க்ஸுக்கு விற்றபோது அதனுடன் கைமாறியது. ஆகவே ஆவணங்களைத் தேடுபவர்கள் இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பண்பலையில் 64 முதல் 108 மெகாஹெர்ட்ஸ், மத்திய அலையில் 520 முதல் 1710 கிலோஹெர்ட்ஸ், சிற்றலையில் 2.3 முதல் 26.1 மெகாஹெர்ட்ஸ், நெட்டலையில் 153 முதல் 279 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரே சில்லு ஏற்கிறது. வரும் குறிப்பலையைத் தாழ்ந்த இடைநிலை அதிர்வெண்ணுக்கு இறக்கி, அங்கேயே எண்மமாக்கி, வடிகட்டலையும் பண்பிறக்கத்தையும் உள்ளிருக்கும் எண்மச் செயலி கவனித்துக்கொள்கிறது. பழைய ஏற்பிகளில் திருகாணியால் திருகிச் சரிசெய்த இடைநிலைச் சுருள்கள் இங்கே இல்லை. அவற்றுக்குப் பதிலாக ஐ2சி பஸ் (சில்லுகள் இரு கம்பிகளில் பேசிக்கொள்ளும் தடம்) வழியே எழுதப்படும் ‘பண்புகள்’ என்னும் எண்கள் இருக்கின்றன. எந்த எண்ணை எழுதினோம், அது உண்மையில் எழுதப்பட்டதா என்பதுதான் இச்சில்லைப் பொறுத்தவரை சோதனையின் பாதி.

உள்ளங்கை அகலமுள்ள பலகையின் ஓர் ஓரத்தில் யுஎஸ்பி இணைப்பியும் அதையொட்டி நுண்கட்டுப்படுத்தியும் இருக்கின்றன. எதிர் ஓரத்தில் ஏற்பிச் சில்லும், பண்பலைக்கும் சிற்றலைக்குமான இரண்டு எஸ்எம்ஏ (திருகிப் பொருத்தும் கோஆக்சியல்) இணைப்பிகளும் அமைந்துள்ளன. இரண்டுக்கும் நடுவே ஒரு வரிசை ஜம்பர்கள், அதாவது கழற்றி மாட்டக்கூடிய சிறு இணைப்புத் துண்டுகள். என்னைக் கவர்ந்தது இந்த வரிசைதான். தரவு, கடிகாரம், ரீசெட், மின்வழங்கல் ஆகிய நான்கு இணைப்புகளையும் தனித்தனியே துண்டிக்கலாம். துண்டித்த இடத்தில் வேறொரு நுண்கட்டுப்படுத்தியை இணைக்கலாம். மின்வழங்கல் ஜம்பரின் இரு முனைகளில் அம்மீட்டரைச் செருகலாம். பண்பலையில் இயங்கும்போது சில்லு இழுக்கும் மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியரை ஒட்டி இருக்க வேண்டும் என்பது தரவுத்தாளிலிருந்து தெரியும். அம்மீட்டரும் அதையே காட்டியது. இத்தகைய பலகைகள் பலவற்றில் ஏற்பிக்கும் கட்டுப்படுத்திக்கும் ஒரே மின்தடம் செல்வதால், கட்டுப்படுத்தியின் செலவைக் கழித்து ஊகிக்கத்தான் முடியும். அந்த ஊகத்தை இங்கே தவிர்த்திருக்கிறார்கள்.

கணினியில் எந்த நிரலையும் நிறுவுவதற்கு முன் செய்ய வேண்டிய எளிய சோதனைகள் சில உள்ளன. உள்ளீடு–வெளியீட்டு மின்னழுத்தம் 3.6 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பதால், வெளியிலிருந்து கட்டுப்படுத்தியை இணைக்க நினைப்பவர்கள் பஸ் கம்பிகளை மேலிழுக்கும் மின்தடைகள் எந்த மின்னழுத்தத்தில் கட்டப்பட்டுள்ளன என்பதை முதலில் அளக்க வேண்டும். இங்கே அவை 3.3 வோல்ட்டில் உள்ளன. ஆனால் பலகையில் அச்சிட்ட எழுத்துகளில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 5 வோல்ட் கட்டுப்படுத்தியை நேரே செருகுகிறவர்களைத் தடுக்க ஓர் எழுத்து அச்சிட்டிருந்தால் போதும். அடுத்தது முகவரி. சில்லின் எஸ்இஎன் முனை தாழ்ந்திருந்தால் ஐ2சி முகவரி பதினாறடி எண்ணில் 11, உயர்ந்திருந்தால் 63. இதைத் தேர்ந்தெடுக்கும் ஜம்பர் இருக்கிறது, தொழிற்சாலையிலிருந்து வரும்போது தாழ்நிலையில் செருகப்பட்டிருக்கிறது. பஸ்ஸில் விடை வராவிட்டால் பெரும்பாலும் காரணம் இதுவே. அதற்கு அடுத்த காரணம், ரீசெட் விடுபடும் கணத்தில் பஸ் வகையைத் தீர்மானிக்கும் இரு பொதுநோக்கு முனைகளை வெளிச்சுற்று ஏதேனும் இழுத்துப் பிடித்திருப்பது. அவ்விரண்டையும் ஒன்றும் செய்யாமல் விட்டால், சில்லின் உள்ளேயிருக்கும் மின்தடைகளே அதை இருகம்பி முறையில், அதாவது ஐ2சியில், நிறுத்திவிடும்.

சில்லை எழுப்பும் கட்டளை, பதினாறடி எண்ணில், மூன்று பைட்டுகள்தான்: பண்பலைக்கு 01 10 05. நடுவிலுள்ள 10 என்பது பலகையின் 32.768 கிலோஹெர்ட்ஸ் படிகத்தை இயக்கச் சொல்கிறது. 05 என்பது அனலாக் ஒலி வெளியீடு. இதை அனுப்பிய பிறகு படிக அலையியற்றி நிலைபெற அரை நொடி பொறுக்க வேண்டும் என்று நிரலாக்கக் கையேடு சொல்கிறது. பொறுக்காமல் உடனே அலைவரிசையைத் தேர்ந்தெடுத்தால் சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. குறைபாடுள்ள பலகை என்று எண்ணித் திருப்பி அனுப்பத் தூண்டுவது இத்தகைய ‘சில நேரம்’தான். படிகத்தின் பிழையையும் இங்கேயே பார்த்துவிடலாம். 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிழை 100 மெகாஹெர்ட்ஸில் 2 கிலோஹெர்ட்ஸ் ஆகும். பண்பலைக்கு அது பொருட்டன்று. 10 மெகாஹெர்ட்ஸ் சிற்றலையில் 200 ஹெர்ட்ஸ். வீச்சுப் பண்பேற்றத்தில் அதுவும் காதுக்குத் தெரியாது, ஒற்றைப் பக்கப்பட்டையில் (அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும் முறையில்) நன்றாகவே தெரியும். மேற்கோள் கடிகாரத்தின் மதிப்பை மாற்றும் பண்பு ஒன்று இருந்தாலும், அது 1 ஹெர்ட்ஸ் படிகளில் நகர்வதால் ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 30 பிபிஎம் ஆகிவிடுகிறது. நுண்ணிய திருத்தத்துக்கு அது உதவாது. அதற்கு வெளிக்கடிகாரம் தேவை, பலகையிலும் அதற்கான இடம் விடப்பட்டிருக்கிறது.

உணர்திறன் அளவீட்டில்தான் பலகையின் தரம் உண்மையாக வெளிப்பட்டது. தரவுத்தாள் பண்பலை உணர்திறனைப் பொதுவாக 2.2 மைக்ரோவோல்ட் என்று தருகிறது. இந்த எண்ணின் பின்னால் பல நிபந்தனைகள் நிற்கின்றன: 1 கிலோஹெர்ட்ஸ் தொனி, 22.5 கிலோஹெர்ட்ஸ் விலக்கம், மோனோ, 75 மைக்ரோநொடி டி-எம்ஃபசிஸ் (ஒலிபரப்பில் தூக்கிவிட்ட உயர்சுரத்தை ஏற்பியில் தணித்தல்), ஒலி வெளியீட்டில் குறிப்பலைக்கும் இரைச்சலுக்கும் 26 டெசிபெல் விகிதம். இவற்றுள் ஒன்றை மாற்றினாலும் விடை மாறும். இவை எல்லாவற்றையும்விட ஆளை ஏமாற்றுவது, அந்த 2.2 மைக்ரோவோல்ட் மூலத்தின் திறந்தநிலை மின்னழுத்தம், அதாவது சுமை எதுவும் இணைக்காதபோது இருப்பது, என்பது. சிக்னல் ஜெனரேட்டரின் திரை காட்டுவதோ 50 ஓம் சுமையின்மேல் விழும் மின்னழுத்தம். அது திறந்தநிலை மதிப்பில் பாதி. ஆகவே 2.2 மைக்ரோவோல்ட் மூலம் என்றால் திரையில் 1.1 மைக்ரோவோல்ட், அதாவது ஏறத்தாழ மைனஸ் 106 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்). இந்த வேறுபாட்டைக் கவனியாதவர் 6 டெசிபெல் மோசமான சில்லையோ 6 டெசிபெல் அற்புதமான சில்லையோ கண்டுபிடித்துவிடுவார்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. சில்லின் பண்பலை உள்ளீடு 50 ஓம் அன்று. உள்ளீட்டு மின்தடை சில கிலோ ஓம், அதோடு இணையாக ஏறத்தாழ 5 பிகோஃபாரட். எனவே ஜெனரேட்டரை நேரே இணைத்தால், சுமை கிட்டத்தட்ட இல்லாத நிலையில், திறந்தநிலை மின்னழுத்தம் ஏறக்குறைய முழுமையாகச் சில்லின் வாயிலில் நிற்கும். நிலத்துக்கு ஒரு 50 ஓம் மின்தடையைப் போட்டால் பாதியாகக் குறையும். பெரும்பாலான பலகைகள் இவ்விரண்டில் ஒன்றைச் சொல்லாமலே தேர்ந்தெடுத்து நம் தலையில் கட்டிவிடும். இப்பலகையில் எஸ்எம்ஏ இணைப்பிக்கு ஒட்டிய இடத்தில் அந்த 50 ஓம் மின்தடைக்கென ஒரு சிறு ஜம்பர் இருக்கிறது. செருகியும் கழற்றியும் ஒரே மட்டக் குறிப்பலையை அளந்தபோது, சில்லே சொல்லும் ஆர்எஸ்எஸ்ஐ (வரும் குறிப்பலையின் வலிமை) மதிப்பு எதிர்பார்த்தபடியே 6 டெசிபெல்லை ஒட்டி மாறியது. வடிவமைத்தவர் உள்ளீட்டுத் தடத்தைக் குறுகலாகவும் நேராகவும் வைத்து, இடையில் ஒரு இணைப்பு மின்தேக்கி தவிர வேறெதையும் நுழைக்கவில்லை என்பதற்கு இந்த எண்ணே சாட்சி. உணர்திறனும் தரவுத்தாளின் மதிப்புக்கு ஓரிரு டெசிபெல் அருகிலேயே வந்தது. என் அளவீட்டுக் கம்பிகளையும் இணைப்பிகளையும் கணக்கில் கொண்டால் அதற்குமேல் துல்லியம் கோருவது நியாயம் இல்லை.

குறை தென்பட்டது பட்டையை முழுவதும் நடந்து பார்த்தபோது. உள்ளீட்டில் 50 ஓம் மின்தடையை மட்டும் விட்டு, ஜெனரேட்டரை நீக்கி, 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை 100 கிலோஹெர்ட்ஸ் படிகளில் நகர்ந்து ஒவ்வொரு இடத்திலும் ஆர்எஸ்எஸ்ஐயைப் பதிவு செய்தால், ஒரு நல்ல பலகை சமதளமான கோட்டைத் தர வேண்டும். இங்கே 96.0 மெகாஹெர்ட்ஸில் ஒரு கூர்மையான மேடு எழுந்தது. தானியங்கித் தேடலும் அங்கே போய் நின்றது. ஒலிபெருக்கியில் அதுவரை இருந்த இரைச்சல் அடங்கி, பேச்சில்லாத நிலையம் ஒன்று கிடைத்ததுபோல் அமைதி நிலவியது. பண்பேற்றம் இல்லாத ஊர்தி அலை ஒன்று பண்பலை ஏற்பியில் இப்படித்தான் நடந்துகொள்ளும். யுஎஸ்பி பேசும் நுண்கட்டுப்படுத்திகள் பலவும் உள்ளே 48 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை வைத்திருக்கின்றன. அதன் இரண்டாம் மடங்கு சரியாக 96. சந்தேகத்தை உறுதிசெய்வது எளிது. மின்சாரம் இருக்கும்வரை சில்லு தனக்குக் கொடுத்த அலைவரிசையைத் தானே பிடித்துக்கொண்டிருக்கும்; கட்டுப்படுத்தி அருகில் விழித்திருக்க வேண்டிய தேவை இல்லை. எனவே 96.0இல் நிறுத்திவிட்டுக் கட்டுப்படுத்தியை ரீசெட்டில் அழுத்திப் பிடித்தேன். அந்தக் கணமே ஒலிபெருக்கியில் இரைச்சல் திரும்பி வந்தது.

இதைச் சில்லின் குறையாகக் குறித்துக்கொள்பவர்கள் தவறான முடிவுக்குப் போவார்கள். ஜம்பர்களைக் கழற்றி, வேறு கடிகாரத்தில் ஓடும் வெளிக்கட்டுப்படுத்தியைச் சிறிது தள்ளி வைத்து இணைத்தபோது மேடு மறைந்தது. பலகையின் குறையைப் பலகையின் உதவியோடே பிரித்தறிய முடிந்தது என்பதால் நான் இதற்குப் பெரிதாக மதிப்பெண் குறைக்கவில்லை. ஆயினும் கட்டுப்படுத்திக்கும் ஏற்பிக்கும் இடையே நிலத்தளத்தைப் பிரித்து, கடிகாரக் கம்பியில் ஒரு தொடர் மின்தடை வைத்திருந்தால் மேட்டின் உயரமாவது குறைந்திருக்கும். பயன்படுத்துகிறவர்கள் 96.0இலும் அதன் இருபுறமும் எடுக்கும் எண்களை நம்பாமல் விடுவது போதும்.

இப்போது கணினி நிரல். பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது: மேலே அதிர்வெண், கீழே பட்டைகளாக வலிமை, பக்கத்தில் நாட்டுப்பகுதியைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி, அதன் கீழ் நழுவுபட்டிகள். பகுதியைத் தேர்ந்தெடுத்தால் பட்டையின் எல்லைகளும் நிலைய இடைவெளியும் மாறுகின்றன. ஆனால் டி-எம்ஃபசிஸ் மாறவில்லை. அமெரிக்கக் கண்டங்களிலும் தென்கொரியாவிலும் 75 மைக்ரோநொடி, உலகின் மற்றப் பெரும்பகுதியில் 50 மைக்ரோநொடி என்பது அடிப்படைப் பாடம். சில்லு எழும்போது 75இல் எழுகிறது என்பது கையேட்டில் இருக்கிறது. 50 மைக்ரோநொடிக்கு ஒலிபரப்பப்படும் நிலையத்தை 75இல் கேட்டால் 10 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 3.3 டெசிபெல் கூடுதலாகக் குறைந்துவிடும். சற்றே மூடிய குரலாக அது கேட்கும். கேட்பவர் ஒலிப்பெருக்கியையோ பலகையின் வெளியீட்டு மின்தேக்கியையோ குறை சொல்வார். நிரல் தன் வேலையைச் செய்யவில்லை என்று யாருக்கும் தோன்றாது.

இதைவிடக் கடுமையான குறை ஒன்று இருக்கிறது. இச்சில்லில் பண்பலையிலிருந்து மத்திய அலைக்கு மாற வேண்டுமானால், முதலில் அணைக்கும் கட்டளையைக் கொடுத்துப் பின்பு புதிய வகையில் எழுப்ப வேண்டும். அப்படி எழும்போது பண்புகள் எல்லாம் தொடக்க மதிப்புகளுக்குத் திரும்பிவிடும். எனவே பட்டை மாறும் ஒவ்வொரு முறையும் பயனர் அமைத்தவற்றை நிரல் மீண்டும் எழுதியாக வேண்டும். இந்த நிரல் எழுதுவதில்லை. திரையில் நழுவுபட்டிகள் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கின்றன. டி-எம்ஃபசிஸை 50 என்று கையால் அமைத்து, மத்திய அலைக்குப் போய்த் திரும்பி வந்தபின் திரை 50 என்றே காட்டியது. சில்லிடம் நேரே கேட்கும் கட்டளை 13 00 11 00; அதற்கு 50 மைக்ரோநொடி என்றால் கடைசி பைட் 01 ஆகவும், 75 என்றால் 02 ஆகவும் விடை வரும். வந்தது 80 00 00 02. திரையும் சில்லும் வெவ்வேறு உண்மைகளைச் சொல்லும்போது அந்தத் திரையைப் பார்த்து எழுதிய எந்த அளவீட்டுக்கும் பொருள் இல்லை.

இந்த விடையைப் பார்க்க முடிந்ததே நிரலில் இருக்கும் ஒரே பாராட்டத்தக்க பகுதியால்தான். ஓர் ஓரத்தில், யாரும் திறக்காத பட்டியலின் அடியில், பைட்டுகளை நேரே தட்டச்சு செய்து அனுப்பும் சாளரம் இருக்கிறது. பஸ்ஸில் போவதும் வருவதும் அங்கே வரிவரியாகப் பதிவாகின்றன. பலகையை வாங்குகிறவர்கள் முதல் நாளிலிருந்தே இந்தச் சாளரத்தில் குடியேறிவிடுவது நல்லது என்பேன். 50 மைக்ரோநொடிக்கு 12 00 11 00 00 01, 100.0 மெகாஹெர்ட்ஸுக்கு 20 00 27 10 00. அதிர்வெண் 10 கிலோஹெர்ட்ஸ் அலகில் எழுதப்படுகிறது என்பதை அறிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும். பண்பு எழுதும் கட்டளைக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: அடுத்த கட்டளைக்குத் தயார் என்று சில்லு உடனே சொல்லிவிடும், ஆனால் எழுதிய மதிப்பு நடைமுறைக்கு வர 10 மில்லிநொடி ஆகும். எழுதிய வேகத்தில் படித்துச் சரிபார்க்கும் சிறு நிரல்களை எழுதுகிறவர்கள் இந்த இடைவெளியை நுழைக்கத் தவறக் கூடாது.

ஸ்டீரியோ பற்றி ஒரு குறிப்பு, உணர்திறனை அளப்பவர்களுக்கு இது இன்றியமையாதது. குறிப்பலை வலுவிழக்கும்போது இச்சில்லு ஸ்டீரியோவிலிருந்து மோனோவுக்குப் படிப்படியாகக் கலந்து இறங்குகிறது. தொடக்க அமைப்பில் 49 டெசிபெல் மைக்ரோவோல்ட்டுக்கு மேல் முழு ஸ்டீரியோ, 30க்குக் கீழ் முழு மோனோ. கேட்பவருக்கு இது வரம். அளப்பவருக்கோ ஜெனரேட்டரின் மட்டத்தைக் குறைக்கக் குறைக்க ஏற்பியின் இயல்பே மாறிக்கொண்டிருப்பதால், வரைபடத்தில் விளக்க முடியாத வளைவு ஒன்று கிடைக்கும். ஸ்டீரியோ எல்லையை 127 என எழுதினால் மோனோ கட்டாயமாகும். 0 என எழுதினால் ஸ்டீரியோ கட்டாயமாகும். எண்களை ஒப்பிடுவதற்கு முன் இதை நிலைநிறுத்திக்கொள்ள வேண்டும். நிரலில் இதற்குப் பொத்தான் இல்லை, நேரடிச் சாளரம்தான் கதி.

மத்திய அலைக்கு வருவோம். பெட்டியில் ஒரு ஃபெரைட் தண்டு ஆன்டெனா வைத்திருக்கிறார்கள், அதன் மெல்லிய இரு கம்பிகள் பலகையின் ஓரத்திலுள்ள திருகு முனையில் இணைகின்றன. தண்டின் சுருளோடு ஒத்ததிர்வதற்கான மின்தேக்கி சில்லுக்குள்ளேயே இருப்பதுதான் இவ்வடிவமைப்பின் அழகு: நிலையத்தைத் தேர்ந்தெடுத்தவுடன் சில்லு தானே மின்தேக்கியை மாற்றி மாற்றிப் பார்த்து உச்சத்தில் நிறுத்துகிறது, நிறுத்திய இடத்தை ஒரு எண்ணாகத் திருப்பித் தருகிறது. அந்த எண்ணை 0.095ஆல் பெருக்கி 7ஐக் கூட்டினால் மின்தேக்க மதிப்பு பிகோஃபாரட்டில் கிடைக்கும். எண் 1 முதல் 6143 வரை போகலாம். இந்த ஓர் எண்ணைப் பட்டை முழுவதும் குறித்துக்கொண்டு போனால் ஆன்டெனாவின் நிலை கண்ணாடிபோல் தெரியும்.

சுருளுக்குப் பரிந்துரைக்கப்படும் மின்தூண்டம் 180 முதல் 450 மைக்ரோஹென்றி வரை. கணக்குப் போட்டுப் பார்த்தால், 1710 கிலோஹெர்ட்ஸில் 450 மைக்ரோஹென்றிச் சுருள் ஒத்ததிர மொத்தமாக 19 பிகோஃபாரட்தான் வேண்டும். அதில் 7 சில்லுக்கே போய்விடுகிறது. மீதி 12 பிகோஃபாரட்டுக்குள் கம்பியும் முனையும் தடமும் அடங்க வேண்டும். சாதாரணக் கோஆக்சியல் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபாரட் தாங்கி நிற்பதால், ஒரு சாண் நீளம் கூட இந்தக் கணக்கைக் கவிழ்த்துவிடும். 180 மைக்ரோஹென்றிச் சுருளுக்கு அதே இடத்தில் 48 பிகோஃபாரட் கிடைக்கிறது, சற்று மூச்சுவிடலாம். பெட்டியில் வந்த தண்டைப் பட்டையின் உச்சியில் வைத்துப் பார்த்தபோது திரும்பி வந்த எண் 1இல் முட்டிக்கொண்டு நின்றது. அதாவது சில்லு இன்னும் குறைக்க விரும்புகிறது, குறைக்க இடமில்லை. உச்சி நிலையங்களில் ஒத்ததிர்வு இல்லாமலே ஏற்பு நடக்கிறது. தண்டின் கம்பிகளைப் பாதியாகக் குறைத்து, முறுக்கியிருந்ததைப் பிரித்துவிட்டவுடன் எண் 1ஐ விட்டு மேலே வந்தது, ஆர்எஸ்எஸ்ஐயும் உயர்ந்தது. கம்பிகளை அழகாக முறுக்கி அனுப்பியவர்கள் அதைச் செய்யாமல் இருந்திருக்கலாம்.

திருகு முனையை யுஎஸ்பி இணைப்பிக்குப் பக்கத்திலேயே வைத்ததும் அப்படித்தான். மடிக்கணினியின் மின்மாற்று இரைச்சல் யுஎஸ்பி கம்பியோடு வந்து, மத்திய அலையில் தண்டு எங்கு திரும்பினாலும் பின்னாலேயே வருகிறது. வெற்று அலைவரிசை ஒன்றில் நின்று, மின்வழங்கல் ஜம்பரைக் கழற்றி மின்கலத்திலிருந்து ஊட்டி, யுஎஸ்பியைப் பிடுங்கிவிட்டால் இரைச்சலின் அளவு தெளிவாக இறங்குவதைக் காதாலேயே உணரலாம். இங்கும் ஜம்பர் வரிசை கைகொடுக்கிறது. மின்கல இணைப்புக்கெனத் தனி முனை இல்லாதது சிறு குறை.

மத்திய அலையின் தொடக்க அமைப்புகள் இரண்டை மாற்றாமல் எவரும் தீர்ப்பு எழுதக் கூடாது. முதலாவது அலைவரிசை வடிகட்டி. சில்லு எழும்போது 2 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் எழுகிறது. இரவில் நெரிசலான பட்டையில் அது நல்ல தேர்வு, பகலில் வலுவான உள்ளூர் நிலையத்துக்கு அது போர்வைக்குள்ளிருந்து வரும் குரல். 4 அல்லது 6 கிலோஹெர்ட்ஸுக்கு விரித்துக் கேட்ட பிறகே ஒலித்தரத்தைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டாவது நிலைய இடைவெளி. தேடல் 520இல் தொடங்கி 10 கிலோஹெர்ட்ஸ் தாவல்களில் நகரும்படி அமைந்திருக்கிறது. அது அமெரிக்கக் கண்டங்களுக்குப் பொருந்தும். 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி வழங்கும் ஏனைய பகுதிகளில் இடைவெளியை மட்டும் 9 ஆக்கினால் போதாது, கீழ் எல்லையையும் 9ஆல் வகுபடும் 522க்கு நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் தேடல் ஒவ்வொரு நிலையத்தையும் ஓரிரு கிலோஹெர்ட்ஸ் தள்ளி மிதித்துக்கொண்டே போகும். நிரலின் பகுதிப் பெட்டி இடைவெளியை மாற்றுகிறது, எல்லையை மாற்றவில்லை.

சிற்றலையில் சொல்வதற்கு அதிகம் இல்லை. இரண்டாவது எஸ்எம்ஏ வழியே நீள்கம்பி ஆன்டெனாவை இணைத்து, உள் மின்தேக்கி எண்ணை 1இல் நிறுத்தினால் வேலை தொடங்குகிறது. முன்தெரிவு வடிகட்டி எதுவும் பலகையில் இல்லை. நீண்ட கம்பியைக் கட்டுகிறவர்கள் வலுவான மத்திய அலை நிலையங்களைத் தடுக்க ஓர் உயர்கடத்தி வடிகட்டியைத் தாமே முன்னால் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். டி60 பதிப்பில் ஒற்றைப் பக்கப்பட்டை ஏற்பு திருத்த நிரல் ஒன்றைச் சில்லுக்குள் ஏற்றினால்தான் கிடைக்கிறது. மின்சாரம் போனால் அது அழிந்துவிடும். அணைத்து எழுப்பும் ஒவ்வொரு முறையும் பஸ் வழியே மீண்டும் ஏற்ற வேண்டும். உடன் வரும் நிரல் பஸ்ஸை 100 கிலோஹெர்ட்ஸில் ஓட்டுவதால் காத்திருப்பு சற்று எரிச்சலூட்டுகிறது. சில்லு 400 கிலோஹெர்ட்ஸ் வரை ஏற்கும். வெளிக்கட்டுப்படுத்தியில் அந்த வேகத்தில் ஏற்றியபோது சிக்கல் எதுவும் இல்லை.

ஆவணங்களில், சுற்றுப்படம் முழுமையாகத் தரப்பட்டிருக்கிறது. இந்த விலைப்பிரிவுப் பலகைகளில் அது அரிது. பாகங்களின் பட்டியலில் மட்டும், ஒலி வெளியீட்டில் தொடராக உள்ள மின்தேக்கிகளின் மதிப்பு விடுபட்டுள்ளது. அவற்றோடு பெருக்கியின் உள்ளீட்டு மின்தடை சேர்ந்துதான் தாழ்ந்த ஒலியின் எல்லையைத் தீர்மானிக்கிறது என்பதால், தாழ்சுரம் குறைவதாக உணர்பவர்கள் அவற்றை அளந்து பார்த்துப் பெரிய மதிப்பில் மாற்றிக்கொள்ளலாம். சாலிடர் திட்டுகள் கையால் மாற்றும் அளவுக்குப் பெரியவை.